ஒரே பயணம், இரண்டு நூல்கள்

"அட்லாண்டிக் பெருங்கடலை முதன்முதலில் விமானத்தில் கடந்தவர் யார்?" என்று மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "சார்லஸ் லிண்ட்பெர்க்" என்ற விடை உடனே வரும். ஆனால் அது பிழையான விடை. 1919ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேயே ஜான் ஆல்காக், ஆர்தர் பிரௌன் என்னும் இருவர் நியூபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்து வரை இடையில் எங்கும் இறங்காமல் பறந்துவிட்டனர். அடுத்த மாதமே ஆர்-34 என்ற பிரிட்டிஷ் ஆகாயக் கப்பல் ஏறத்தாழ முப்பது பேருடன் அக்கடலைக் கடந்தது.

லிண்ட்பெர்க்குக்கு உரிய பெருமை வேறு. 1927 மே 20, 21 ஆகிய நாட்களில் நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை, சுமார் 5,800 கி.மீ. தொலைவை, முப்பத்து மூன்றரை மணி நேரத்தில், துணைக்கு ஒருவருமின்றி அவர் பறந்தார். 'தனியாக' என்ற அந்த ஒரு சொல்லில்தான் அவருடைய புகழ் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அந்தச் சொல்லையே நாம் சற்று ஆராய்ந்து பார்க்கலாம். அவர் ஏன் தனியாகச் சென்றார்? வீரத்தைக் காட்டவா? வேறு வழி இல்லாமலா? தனியாகச் சென்றதற்கு அவர் கொடுத்த விலை என்ன? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. இப்பயணத்தைப் பற்றி லிண்ட்பெர்க் தாமே இரண்டு நூல்கள் எழுதியிருக்கிறார். முதல் நூல் 1927இல் வந்தது. இரண்டாவது 1953இல் வந்தது. எழுதியவர் ஒருவர், சொல்லப்படும் பயணமும் ஒன்று. ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர், இரு வேறு மனிதர்களைச் சந்தித்ததாகவே உணர்வார்.

அவசரத்தில் பிறந்த நூல்

முதல் நூலின் பெயர் 'வீ'. தமிழில் இதை 'நாங்கள்' என்று சொல்ல வேண்டும். 'நாம்' என்றால் படிப்பவரும் உள்ளே வந்துவிடுவார் அல்லவா? அந்த 'நாங்கள்' யார் யார் என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. விமானியும் விமானமும் என்று செய்தித்தாள்கள் பொருள் கொண்டன; மக்களுக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. தாமும், தமக்குப் பணம் தந்து உதவிய செயின்ட் லூயிஸ் நகரத்து வணிகர்களும் என்பதே தம் கருத்து என்றார் லிண்ட்பெர்க்.

பயணம் முடிந்து ஏறத்தாழ இரண்டு மாதங்களில் இந்நூல் கடைக்கு வந்துவிட்டது. முதலில் ஒரு பத்திரிகையாளர் லிண்ட்பெர்க்கின் பெயரில் ஒரு கையெழுத்துப்படியைத் தயாரித்தார். அதன் நடை தமக்கு ஒத்துவராது என்று அவர் ஒதுக்கிவிட்டார். பிறகு ஏறத்தாழ மூன்றே வாரங்களில் தம் கையாலேயே தம் வரலாற்றை எழுதி முடித்தார். இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர், புகழ் வெள்ளத்தின் நடுவே, பிறர் எழுதியதைத் தம் எழுத்தென்று வெளியிட மறுத்ததைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் நேர்மை மட்டும் ஒரு நூலை நிறைவாக்கிவிடாது. உலகமே வியந்த அந்தப் பயணம் 'வீ' நூலில் சில பக்கங்களிலேயே முடிந்துபோகிறது. இளமைப்பருவம், பறக்கக் கற்றது, தபால் விமானம் ஓட்டியது ஆகியவை பெரும்பகுதியை நிரப்புகின்றன. கடலைக் கடந்த பகுதி, ஓர் அலுவலர் மேலதிகாரிக்கு அனுப்பும் அறிக்கை போல இருக்கிறது. இன்ன நேரத்தில் மூடுபனி, இன்ன உயரத்தில் மேகம், பிறகு மீன்பிடி படகுகள், பிறகு அயர்லாந்து. பனித்திரளில் கரைகளும் மரங்களும் தோன்றி ஏமாற்றியதைக் கூடக் 'கானல் தோற்றம்' என்று சொல்லி அவர் மேலே போய்விடுகிறார். இதைப் படித்து முடிப்பவருக்கு, நல்ல எந்திரமும் திடமான மனமும் இருந்தால் பெருங்கடலைக் கடப்பது ஒரு நீண்ட வேலைநாளைப் போன்றது என்ற எண்ணமே உண்டாகும்.

இந்த அவசரம் லிண்ட்பெர்க்குக்கு மட்டும் உரியதன்று. 1932இல் அமீலியா இயர்ஹார்ட் தன்னந்தனியாக அட்லாண்டிக்கைக் கடந்த முதல் பெண்மணியானார். அவருடைய 'தி ஃபன் ஆஃப் இட்' என்ற நூலும் அதே ஆண்டில், அந்தப் பயணத்தைக் கடைசி அத்தியாயமாகச் சேர்த்துக்கொண்டு விரைந்து வெளிவந்தது. செய்தி சூடாக இருக்கும்போதே நூல் விற்பனைக்கு வந்துவிட வேண்டும் என்பது பதிப்பாளரின் கணக்கு. நடந்ததை அசைபோட்டுப் பார்க்கும் அவகாசம் அந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை.

கணக்கே கதையான நூல்

இரண்டாவது நூல் 'தி ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்'. இது அந்த விமானத்தின் பெயரே ஆகும். இதை எழுத அவர் எடுத்துக்கொண்ட காலம் 14 ஆண்டுகள். 1954இல் இந்நூலுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. விமானம் உருவான வரலாறு முதற்பகுதி. பறந்த வரலாறு இரண்டாம் பகுதி. இரண்டாம் பகுதியில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒவ்வோர் அத்தியாயம் உண்டு.

அறிவியல் வாசகர்கள் முதற்பகுதியைத் தாண்டிச் செல்லக் கூடாது. நியூயார்க்கும் பாரிஸும் எவ்வளவு தொலைவு என்று அறிய, சான் டியேகோ நகரத்துப் பொது நூலகத்தில் இருந்த உலக உருண்டையின் மேல் ஒரு நூற்கயிற்றை இழுத்துப் பிடித்து அளக்கிறார் லிண்ட்பெர்க். உடன் இருப்பவர் டொனால்டு ஹால் என்ற பொறியாளர். அந்தக் கயிற்றின் நீளத்திலிருந்து பெட்ரோலின் அளவு பிறக்கிறது. பெட்ரோலின் எடையிலிருந்து இறக்கையின் நீளம் பிறக்கிறது. ரையன் என்ற சிறு நிறுவனத்தில் அறுபதே நாட்களில் விமானம் உருவாகிறது. பெருமுயற்சி ஒன்று கயிற்றுத் துண்டில் தொடங்குவதைக் காணும்போது நமக்கும் ஓர் உற்சாகம் உண்டாகிறது.

அந்தக் கயிறு உருண்டையின் மேல் படிந்த கோடு, தட்டையான கடல் வரைபடத்தில் வளைந்த கோடாகத் தெரியும். உருண்டையின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி இத்தகைய வளைவே ஆகும். இதைப் பெருவட்டப் பாதை என்பர். இதில் செல்பவர் ஒரே திசையை நோக்கிச் சென்றுகொண்டிருக்க முடியாது. திசையைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். லிண்ட்பெர்க் தம் பாதையை நூறு மைல் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் உரிய திசையை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்தார். பிறகு கடிகாரம், வேகமானி, திசைகாட்டி ஆகிய மூன்றையும் நம்பிப் பறப்பதே அவருடைய முறை. காற்று எவ்வளவு தள்ளுகிறது என்பதை அலைகளின் நுரையைப் பார்த்து ஊகிக்க வேண்டும். திசையில் ஒரு டிகிரி பிழை ஏற்பட்டால், அறுபது கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் விலகிப் போவோம். நியூபவுண்ட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே கடல் ஏறத்தாழ 3,000 கி.மீ. அகலம். அப்படியானால் ஒரே ஒரு டிகிரி பிழை 50 கி.மீ. விலகலாகிவிடும்.

தனிமை தேவைதானா?

இனி நம் முதல் வினாவுக்கு வருவோம். லிண்ட்பெர்க் தரும் விடை எடையைப் பற்றியது. வெறும் விமானத்தின் எடை 975 கிலோ. புறப்படும்போது மொத்த எடை 2,380 கிலோ. இதில் 1,250 கிலோவுக்கு மேல் பெட்ரோல் மட்டுமே. அதாவது தன் எடையை விட அதிகமான பெட்ரோலைச் சுமந்துகொண்டு அது எழும்பியது. சக்கரங்கள் சேற்றில் உருண்டன. ஓடுதளத்தின் முடிவில் இருந்த தொலைபேசிக் கம்பிகளை அது மயிரிழையில் தாண்டியது என்றே சொல்லலாம்.

எனவே ஒவ்வொரு கிலோவும் விசாரணைக்கு உள்ளாயிற்று. வானொலிக் கருவி வேண்டாம், பாராசூட் வேண்டாம், பிரம்பு நாற்காலி போதும். வரைபடங்களின் தேவையற்ற ஓரங்களைக் கூட அவர் கத்தரித்து எறிந்தார். இந்த வரிசையில் நீக்கப்பட்ட மற்றொரு 'பொருள்'தான் இரண்டாவது விமானி!

நாமே ஒரு கணக்குப் போடலாம். பயணம் முழுவதிலும் செலவான பெட்ரோல் ஏறத்தாழ 1,380 லிட்டர். சராசரியாக மணிக்கு 41 லிட்டர். ஓர் ஆளும் அவருடைய இருக்கையும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடைக்கு 123 லிட்டர் பெட்ரோல் ஏற்றலாம். அது மூன்று மணி நேரப் பயணம், 500 கி.மீ. தொலைவு. கரை தெரிவதற்கும் கடலில் விழுவதற்கும் இடையே உள்ள வேறுபாடாக அது அமையக்கூடும். இப்படிப் பார்த்தால் அவருடைய தனிமைக்கு எடைக்கணக்கே காரணம். துணிச்சலைக் காட்டும் ஆசை அன்று. பல பாடநூல்களும் வாழ்க்கைக் குறிப்புகளும் சொல்லாமல் விடும் இந்தச் செய்தியைத் தெளிவாக விளக்குவது இந்நூலின் பெரும் சிறப்பு ஆகும்.

எனினும் இந்த விடையை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இரண்டு செய்திகள் தடை செய்கின்றன. முதலாவது, பாரிஸில் இறங்கியபோது தொட்டியில் 320 லிட்டர் அளவுக்குப் பெட்ரோல் எஞ்சியிருந்தது. அதன் எடை இரண்டு ஆட்களின் எடைக்கு மேல். ஆனால் முடிவை அறிந்த பின் கணக்குப் போடுவது எளிது. காற்று பின்னாலிருந்து தள்ளியதால் எஞ்சிய பெட்ரோல் அது. எதிர்க்காற்று வீசியிருந்தால் அது கரைந்து போயிருக்கும். ஆகவே இத்தடையைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

இரண்டாவது தடை வலுவானது. லிண்ட்பெர்க் பறந்து இரண்டு வாரங்கள் கழித்து, ஜூன் 4ஆம் நாள், கிளாரன்ஸ் சேம்பர்லின் என்ற விமானி நியூயார்க்கிலிருந்து கிளம்பினார். பெலாங்கா வகை விமானம். லிண்ட்பெர்க்கின் விமானத்தில் இருந்த அதே ரைட் வேர்ல்விண்ட் வகை எஞ்சின். உடன் சார்லஸ் லெவீன் என்ற விமான உரிமையாளரும் ஏறிக்கொண்டார். இருவரையும் சுமந்துகொண்டு அது பாரிஸையும் தாண்டி, ஜெர்மனியில் ஐஸ்லேபன் என்ற ஊர் வரை, ஏறத்தாழ 6,300 கி.மீ. பறந்தது! லிண்ட்பெர்க் முதலில் விலை பேசியதும் அந்தப் பெலாங்கா விமானத்தைத்தான். விமானத்தை ஓட்டப்போவது யார் என்பதைத் தாமே முடிவு செய்வதாக லெவீன் சொன்னதால் பேச்சு முறிந்தது. இதை லிண்ட்பெர்க்கே நூலில் விரிவாக எழுதுகிறார்.

எனவே, தனியாகச் செல்ல வேண்டும் என்பது இயற்கையின் விதி அன்று. அறுபது நாட்களில், கையில் இருந்த பணத்தில் கட்டக்கூடிய விமானம் எதுவோ, அதற்கு ஏற்ற விதி அது. இந்த வேறுபாட்டை நூல் அழுத்திச் சொல்லவில்லை. தாம் தேர்ந்துகொண்டதைத் தவிர்க்க முடியாததாகக் காட்டும் பழக்கம் பொறியாளர்களுக்கும் உண்டு; நமக்கும் உண்டு.

கணக்கில் சேராத எடை

பெட்ரோலுக்கும் காற்றுக்கும் காந்தத்துக்கும் கணக்குப் பார்த்த லிண்ட்பெர்க், ஒன்றை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. அது தூக்கம்.

மே 19 மாலையில் வானிலை தெளிவதாகச் செய்தி வந்தது. மறுநாள் விடியலில் புறப்பட முடிவு செய்தார். அன்றிரவு விடுதிக்குப் போய்ப் படுத்தும் அவருக்குத் தூக்கம் வரவில்லை. விமானம் தரையை விட்டு எழும்பிய போதே அவர் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் விழித்திருந்தார். பாரிஸில் இறங்கும்போது அது 55 மணி நேர விழிப்பாகியிருந்தது.

இரண்டாவது நூலின் உயிர்ப்பகுதி இங்கேதான் இருக்கிறது. கண்ணிமைகள் தாமே மூடிக்கொள்கின்றன. விரலால் பிடித்துத் திறக்க வேண்டியிருக்கிறது. கண்ணைத் திறந்து பார்த்தால் திசைகாட்டியின் முள் எங்கோ போய் நிற்கிறது. எத்தனை நொடிகள் தூங்கினோம் என்பதே தெரியவில்லை. இருபத்திரண்டாம் மணி நேரத்தில் அவருக்குப் பின்னால், விமானத்தின் உடற்பகுதியில், ஆவி போன்ற உருவங்கள் நிறைந்திருக்கின்றன. திரும்பாமலேயே அவற்றைக் காண்கிறார். அவை நட்போடு பேசுகின்றன; பயணத்தைப் பற்றி யோசனையும் சொல்கின்றன. 1927இல் வந்த 'வீ' நூலில் இவற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

ஏன் இல்லை? விமானப் பயணம் பாதுகாப்பானது என்று மக்களை நம்பச் செய்வதே அந்நாளில் அவர் மேற்கொண்ட பணி. அதே ஆண்டில் குகன்ஹெய்ம் நிதியத்தின் ஆதரவில் அமெரிக்காவின் 48 மாநிலங்களிலும் விமானத்தில் சுற்றி வந்தவர் அவர். தூங்கி விழுந்த விமானி, பேசும் ஆவிகள் என்றெல்லாம் சொன்னால் யார் விமானத்தில் ஏறுவார்கள்? மௌனத்துக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஊகிக்க முடிகிறது. ஆனால் அந்த மௌனத்தால் அறிவியலுக்கு இழப்பு உண்டாயிற்று. விமானத்தின் மிகப் பலவீனமான உறுப்பு எது என்ற செய்தி, அதைத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவரின் வாயிலிருந்து வர 26 ஆண்டுகள் ஆயின.

இன்று நாம் அறிவது அதிகம். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1990களில் நடந்த ஆய்வுகள் காட்டின. உறக்கம் மிகவும் குறைந்தால், கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் உறங்கிவிடுகிறது. இல்லாத உருவங்களும் தோன்றுகின்றன. ஆவிகளைக் கண்டதாக லிண்ட்பெர்க் எழுதியதைப் படித்துச் சிரிக்க வேண்டியதில்லை; அவற்றை மறுவுலகத் தூதர்கள் என்று வணங்க வேண்டியதும் இல்லை. நோயாளியே எழுதிய நோய்க்குறிப்பாக அதைக் கொள்ளலாம். நெடுந்தூர விமானங்களில் இன்று மாற்று விமானிகள் செல்வதும், அவர்கள் முறைவைத்து உறங்குவதும் இந்த அறிவின் பயனே.

இன்னொரு வேடிக்கையையும் அவர் மறைக்கவில்லை. நேரமின்மையால் பழைய மாதிரியின் சிறிய வால் இறக்கைகளையே இவ்விமானத்திலும் பொருத்தினர். அதனால் விமானம் நிலையாகப் பறக்கவில்லை. கையைத் தளர்த்தினால் மூக்கைச் சாய்த்துக்கொள்ளும். கண்ணயர்ந்த போதெல்லாம் அந்த ஆட்டமே அவரை எழுப்பிவிட்டது. குறையில்லாத விமானமாக இருந்திருந்தால் அது அவரைத் தாலாட்டித் தூங்க வைத்திருக்கும்!

அயர்லாந்தின் டிங்கிள் வளைகுடாவை அவர் அடைந்தபோது, வகுத்த பாதையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்தார். இதை 'வழியறியும் திறனின் உச்சம்' என்று புகழ்வோர் உண்டு. பனி படிந்த மேகங்களைச் சுற்றிப் போனவர், தூக்கத்தில் திசை தவறியவர், காந்தத் திசைகாட்டிகள் தடுமாறக் கண்டவர் அவர். ஒரு பிழையை மற்றொரு பிழை ஈடு செய்ததாலேயே இத்துணைத் துல்லியம் கிடைத்தது. அவரும் அதை வியப்போடுதான் எழுதுகிறார், மார் தட்டிக்கொள்ளவில்லை. தம் வெற்றியில் நல்வாய்ப்பின் பங்கு எவ்வளவு என்று வாசகர் மதிப்பிட வேண்டிய விவரங்களை அவரே எடுத்து வைக்கிறார். முதல் நூலில் இல்லாத முதிர்ச்சி இது.

நூலின் குறைகள்

குறைகளும் இல்லாமல் இல்லை. ஏறத்தாழ ஐந்நூறு பக்கங்களுக்கு நீளும் இந்நூலில் குழந்தைப்பருவ நினைவுகள் அடிக்கடி குறுக்கிட்டுப் பயணத்தின் வேகத்தைக் குறைக்கின்றன. கடல் நடுவே இருக்கும் விமானியை விட்டுவிட்டுப் பண்ணை வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் நமக்கே சலிப்பு உண்டாகிறது.

அதை விடப் பெரிய குறை வேறு. நூல் முழுவதும் நிகழ்காலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 'பார்க்கிறேன்', 'நினைக்கிறேன்' என்றே சொல்லிச் செல்கிறார். ஒவ்வொரு மணி நேரத்தின் தலைப்பிலும் வேகம், உயரம், திசை முதலிய அளவுகள் அட்டவணையாக நிற்கின்றன. கருவிகளைப் பார்த்து அந்தக் கணமே குறித்த எண்கள் என்று வாசகர் நினைத்துவிடுவார். ஆனால் பறக்கும்போது அவர் எழுதிய குறிப்பேடு, பாரிஸில் விமானத்தைச் சூழ்ந்த கூட்டத்தில் களவு போய்விட்டது. எனவே, அந்த எண்கள் அக்குறிப்பேட்டின் நகலாக இருக்க முடியாது. கால் நூற்றாண்டு கழித்து, நினைவாலும் கணக்காலும் மீட்டவை அவை. அளந்த எண்ணுக்கும் மீட்ட எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொரு பக்கத்திலும் மனத்தில் வைத்துக்கொண்டே இந்நூலைப் படிக்க வேண்டும்.

நூல் 1927 மே 21 இரவோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு அவருடைய பெயருக்குக் களங்கமும் நேர்ந்தது. 1941 செப்டம்பரில் அவர் ஆற்றிய உரை ஒன்றில் யூதர்களைப் பழித்துப் பேசியதற்காக நாடெங்கும் கண்டனத்துக்கு உள்ளானார். எவரும் குறை சொல்ல முடியாத அந்த 33 மணி நேரத்துக்கே அவர் 1953இல் திரும்பி வந்தார் என்பதும் நினைவில் இருக்க வேண்டியது. காற்றின் திசையைச் சரியாகக் கணித்தவர் எல்லாவற்றையும் சரியாகக் கணிப்பார் என்று எண்ணுவது நம் தவறு.

எதைப் படிக்கலாம்?

ஒன்றை மட்டும் படிக்க நேரம் உள்ளவர்கள் இரண்டாவது நூலைப் படிக்கலாம். இரண்டையும் படிக்க முடிந்தவர்கள் முதல் நூலிலிருந்து தொடங்க வேண்டும். வெற்றி பெற்ற மறுநாள் ஒருவர் சொல்லும் வரலாற்றில் என்னென்ன விடுபட்டுப் போகும் என்பதை அப்போதுதான் நேரில் காணலாம். பின்னிணைப்பில் டொனால்டு ஹால் தந்திருக்கும் பொறியியல் விவரங்களை மாணவர்கள் தவறாமல் பார்க்க வேண்டும். எடை, பெட்ரோல், தொலைவு ஆகியவற்றை வைத்துத் தாமே கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கு அதை விட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

அந்த விமானம் வாஷிங்டனில் உள்ள தேசிய விமான, விண்வெளி அருங்காட்சியகத்தின் உடைமையாக இன்றும் இருக்கிறது. விமானியின் முன்னால் பெட்ரோல் தொட்டி அடைத்து நிற்பதால் முன்புறத்தைப் பார்க்க அதில் கண்ணாடி கிடையாது. பக்கச் சாளரமும் ஒரு சிறு பெரிஸ்கோப்புமே அவருக்கு வழிகாட்டின. நேரே எதிரில் இருப்பதைக் காண முடியாமல்தான் அவர் 5,800 கி.மீ. பறந்தார். அதை உள்ளபடி சொல்லவோ அவருக்கு இரண்டு நூல்கள் வேண்டியிருந்தன.